மூலநிரலைத் தொடரியல் வண்ணத்துடன் அச்சமைத்தல்

மூலநிரலைத் தொடரியல் வண்ணத்துடன் அச்சமைத்தல் என்பது, ஒரு கணினி நிரலின் மூல வடிவத்தைப் படித்து, அதிலுள்ள சிறப்புச் சொற்கள், குறிப்பெயர்கள், சரங்கள், எண்கள், குறிப்புரைகள் ஆகியவற்றை இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்தையும் தனி நிறத்திலோ தனி எழுத்து வடிவத்திலோ காட்டும் பட்டியலாக மாற்றி, நூல், ஆய்வேடு, பாடக்குறிப்பு போன்ற அச்சு ஆவணங்களில் சேர்க்கும் செயன்முறை ஆகும். இவ்வாறு உருவாகும் பட்டியல் நிரற்பட்டியல் எனப்படும். டெக், லாடெக் ஆகிய அச்சுக்கோப்பு மென்பொருள்களில் இதற்கெனப் பல கருவிகள் உள்ளன. ஆங்கில எழுத்தில் அமைந்த நிரல்களுக்கு இச்செயன்முறை எளிதாக நடைபெறுகின்றது. தமிழ் எழுத்தில் அமைந்த நிரல்களுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகின்றது.

தேவை

நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியாயினும், அதை மீண்டும் மீண்டும் படிப்பவர்கள் மனிதர்களே. ஒரே நிறத்தில் அச்சிட்ட நிரலில், ஒரு சரம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதையும், எந்த வரி குறிப்புரை என்பதையும் படிப்பவரே தேடிக் கண்டறிய வேண்டும். வண்ணமிட்ட பட்டியலில் இவை பார்த்தவுடன் புலப்படும். மேற்கோள்குறியை மூட மறந்திருந்தால், அதைத் தொடர்ந்து வரும் பகுதியும் சரத்தின் நிறத்திலேயே தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

அச்சில் வரும் நிரலுக்கு மற்றொரு தேவையும் உண்டு. அது மூலத்திலிருந்து ஓர் எழுத்தும் பிறழாமல் இருக்க வேண்டும். சொற்செயலியில் ஒட்டிய நிரலில் நேர் மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறிவிடுவதுண்டு. கழித்தல் குறி நீள்கோடாக மாறிவிடுவதுண்டு. பைத்தான் மொழியில் வரியின் தொடக்கத்திலுள்ள இடைவெளியே நிரலின் கட்டமைப்பைத் தீர்மானிப்பதால், அவ்விடைவெளி சுருங்கினால் நிரலின் பொருளே மாறிவிடும். எனவே நிரலைக் கையால் வண்ணமிடாமல், மூலக் கோப்பிலிருந்து நேரடியாகக் கருவியைக் கொண்டு மாற்றுவதே பாதுகாப்பானது.

வரலாறு

நிரலின் இனங்களை எழுத்து வடிவால் வேறுபடுத்தும் வழக்கம் வண்ணத்திரைகளுக்கு முற்பட்டது. 1960 இல் வெளியான அல்கால் 60 மொழியின் அறிக்கை, மேற்கோள் வடிவம், அச்சு வடிவம், வன்பொருள் வடிவம் என மொழிக்கு மூன்று வடிவங்களை வகுத்தது. அச்சில் அம்மொழியின் சிறப்புச் சொற்கள் தடித்த எழுத்தில் இடம்பெற்றன.

டெக் மென்பொருளை உருவாக்கிய டொனால்டு கனூத், நிரலை ஓர் இலக்கியப் படைப்பைப் போல எழுதிப் படிக்க வேண்டும் என்னும் கருத்தை 1984 இல் கட்டுரையாக வெளியிட்டார். இதற்கென அவர் அமைத்த வெப் என்னும் முறையில் இரு கருவிகள் இருந்தன. டேங்கிள் என்பது கணினிக்கு உரிய பாசுக்கல் நிரலைப் பிரித்தெடுத்தது. வீவ் என்பது அதே கோப்பிலிருந்து, சிறப்புச் சொற்கள் தடித்தும் குறிப்பெயர்கள் சாய்ந்தும் அமைந்த டெக் ஆவணத்தை உருவாக்கியது. டெக் மென்பொருளின் முழு மூலநிரலும் இவ்வாறே அச்சமைக்கப்பட்டு 1986 இல் நூலாக வெளிவந்தது.

யூனிக்சு இயங்குதளத்தில், பெர்க்லி பதிப்புடன் வந்த விகிரைண்ட் என்னும் கருவி இதே பணியைத் டிராஃப் அச்சமைப்பு முறைக்குச் செய்தது. லாடெக்குக்கு உரிய லிஸ்டிங்ஸ் என்னும் தொகுப்பை கார்சுடன் ஐன்சு 1996 முதல் உருவாக்கினார். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட பிக்மென்ட்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை கியார்க் பிராண்டல் 2006 இல் வெளியிட்டார். அதை லாடெக்குடன் இணைக்கும் மின்டெட் தொகுப்பை கொன்ராட் உருடால்ஃப் உருவாக்கினார். 2013 முதல் செஃப்ரி பூர் அதனைப் பராமரித்து வருகின்றார்.

செயற்படும் முறை

பெரும்பாலான கருவிகள் நான்கு படிகளில் செயற்படுகின்றன.

1. படித்தல்: மூலக் கோப்பின் பைட்டுகள் எழுத்துக்குறிகளாக மாற்றப்படுகின்றன. கோப்பு எந்தக் குறிமுறையில் உள்ளது என்பது இங்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.
2. வில்லைகளாகப் பிரித்தல்: எழுத்துக்குறிகளின் வரிசை, பொருளுடைய சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றது. பாடநூல்களில் இத்துண்டுகள் வில்லைகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு வில்லைக்கும் அதன் இனப்பெயர் ஒட்டப்படுகின்றது.
3. பாணியைப் பொருத்துதல்: சிறப்புச் சொல்லுக்குப் பச்சை, சரத்துக்குச் சிவப்பு, குறிப்புரைக்குச் சாம்பல் என ஒவ்வோர் இனத்துக்கும் தோற்றம் ஒதுக்கப்படுகின்றது.
4. வெளியிடுதல்: வில்லைகள் அச்சுக்கோப்பு மொழியின் கட்டளைகளாக எழுதப்படுகின்றன.

நிரல்பெயர்ப்பியின் முதற்படியும் வில்லைகளாகப் பிரிப்பதே. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிரல்பெயர்ப்பி வெற்றிடங்களையும் குறிப்புரைகளையும் நீக்கிவிடலாம். பிழை கண்டால் நின்றுவிடலாம். வண்ணமிடும் கருவி எதையும் நீக்கக் கூடாது. பிழையான நிரலையும் இறுதிவரை வண்ணமிட வேண்டும். வில்லைகளை மீண்டும் வரிசையாக ஒட்டினால் மூலநிரல் அப்படியே கிடைக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை விதி.

எடுத்துக்காட்டாக, எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் அமைந்த பின்வரும் நிரலைக் கருதலாம்.

# தேர்ச்சி பார்க்கும் நிரல்
ஊர் = "பிரம்மதேசம்"
மதிப்பெண் = 62
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி ஊர், "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி ஊர், "மறுதேர்வு"
முடி

இதன் முதல் வரி முழுவதும் குறிப்புரை ஆகும். இரண்டாம் வரியில் ஊர் என்பது குறிப்பெயர், சமக்குறி செயற்குறி, மேற்கோள்குறிகளுக்கு உட்பட்டது சரம். ஆனால், இல்லை, பதிப்பி, முடி ஆகியவை சிறப்புச் சொற்கள். சரத்தின் உள்ளே இல்லை என்னும் சொல் வந்தால் அது சிறப்புச் சொல் ஆகாது. ஆகவே சொற்களைத் தேடி நிறமிடுவது மட்டும் போதாது. கருவி தான் தற்போது சரத்தின் உள்ளே இருக்கின்றதா, வெளியே இருக்கின்றதா என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நான்காம் படியில் டெக்குக்கே உரிய ஒரு சிக்கல் எழுகின்றது. டெக் மென்பொருள் ஒவ்வொரு குறிக்கும் 16 வகைகளுள் ஒன்றை ஒதுக்குகின்றது. விழுக்காட்டுக் குறி அதற்குக் குறிப்புரையின் தொடக்கம், அடிக்கோடு கீழ்க்குறியீடு, பின்சாய்கோடு கட்டளையின் தொடக்கம். இவை நிரல்களில் அடிக்கடி வருவன. எனவே நிரற்பட்டியலின் உள்ளே இக்குறிகளின் சிறப்புப் பொருளைத் தற்காலிகமாக நீக்கி, அவற்றை வெறும் குறிகளாகக் கருதுமாறு செய்ய வேண்டும்.

லிஸ்டிங்ஸ், மின்டெட் ஒப்பீடு

லிஸ்டிங்ஸ் தொகுப்பு முழுவதும் டெக் மொழியிலேயே எழுதப்பட்டது. வேறு மென்பொருள் எதுவும் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் இது 256 குறிகளுக்குள் அடங்கிய குறிமுறைகளை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. ஒருங்குறி எழுத்துகளை இது இயல்பாகக் கையாளுவதில்லை. மேலும் இதன் இயல்பிருப்பு அமைப்பு ஒவ்வொரு குறிக்கும் ஒரே அகலம் ஒதுக்கி அவற்றைத் தனித்தனியே பரப்பி வைக்கின்றது. இவ்வமைப்பு தமிழுக்குப் பொருந்தாது.

மின்டெட் தொகுப்பு தானாக வில்லைகளைப் பிரிப்பதில்லை. மூலநிரலை பிக்மென்ட்ஸ் மென்பொருளிடம் ஒப்படைத்து, அது திருப்பித் தரும் லாடெக் கட்டளைகளை ஆவணத்தில் சேர்க்கின்றது. பிக்மென்ட்ஸ் 500 இற்கும் மேற்பட்ட மொழிகளையும் கோப்பு வகைகளையும் அறியும். மீடியாவிக்கி மென்பொருளும் 2015 முதல் நிரல்களை வண்ணமிட பிக்மென்ட்ஸ் மென்பொருளையே பயன்படுத்துகின்றது.

இதில் ஒரு பாதுகாப்புக் கேள்வி உண்டு. மின்டெட் இயங்குவதற்காக, ஆவணம் வெளி மென்பொருளை இயக்க லாடெக்கில் அனுமதி அளிக்க வேண்டியிருந்தது. அவ்வனுமதியைப் பெற்ற ஆவணம் கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்கக்கூடும். அறியாதவரிடமிருந்து வந்த ஆவணத்துக்கு இவ்வனுமதியை அளிப்பது ஆபத்தானது. 2024 இல் வெளியான மின்டெட் 3 ஆம் பதிப்பு, இதற்கெனவே எழுதிய ஒரு சிறு நிரலை மட்டும் இயக்குகின்றது. டெக் லைவ் 2024 முதல் அந்நிரல் நம்பகமானவற்றின் பட்டியலில் இடம்பெற்றுள்ளதால், பொது அனுமதி தேவைப்படுவதில்லை. அனுமதி சிறிதும் இல்லாத இடங்களில், முன்னரே வண்ணமிட்டுச் சேமித்த வெளியீட்டை ஆவணத்துடன் அனுப்பும் வழியும் உண்டு.

தமிழ் நிரல்கள்

எழில் என்பது முத்து அண்ணாமலை உருவாக்கிய, தமிழ்ச் சிறப்புச் சொற்களைக் கொண்ட கட்டற்ற நிரல்மொழி ஆகும். இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2009 இல் வெளியிடப்பட்டது. 2016 இல் வெளியான பிக்மென்ட்ஸ் 2.1 ஆம் பதிப்பில் எழில் மொழிக்கான வில்லையாக்கியும் சேர்க்கப்பட்டது. இதனால் எழில் நிரலை, பிற மொழிகளின் நிரல்களைப் போலவே, மின்டெட் வழியாக அச்சமைக்க முடிகின்றது. பைத்தான் மொழியிலும் 2008 இல் வெளிவந்த 3 ஆம் பதிப்பு முதல் குறிப்பெயர்களைத் தமிழில் வைக்கலாம். ஆகவே கீழ்வரும் சிக்கல்கள் எழிலுக்கு மட்டும் உரியன அல்ல.

எழுத்தும் குறியும்

மேற்கண்ட நிரலில் வரும் பிரம்மதேசம் என்பது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். தமிழ் படிப்பவருக்கு இது பி, ர, ம், ம, தே, ச, ம் என 7 எழுத்துகள் கொண்ட சொல். ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதால், இச்சொல் 11 குறிகளைக் கொண்டது. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், கோப்பில் இது 33 பைட்டுகளாக உள்ளது.

பைட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் பழைய டெக் பொறியுடன் லிஸ்டிங்ஸ் இயங்கும்போது, இச்சொல்லை 33 தனிக் குறிகளாகவே அது காணும். குறிகளைப் படிக்கும் பொறியுடன் இயங்கினும், 11 குறிகளையும் தனித்தனியே வைத்தால் துணைக்குறிகள் தத்தம் மெய்யை விட்டுப் பிரிந்து, புள்ளிவட்டத்துடன் தோன்றும். 7 எழுத்துகளும் ஒழுங்காகத் தோன்ற வேண்டுமெனில், வில்லை முழுவதையும் ஒரே தொடராக எழுத்துருவின் வடிவமைப்புப் பொறிக்கு அனுப்ப வேண்டும்.

சொல்லின் எல்லை

வில்லையாக்கிகள் பெரும்பாலும் சுருங்குறித்தொடர்களைக் கொண்டு எழுதப்படுகின்றன. பைத்தானின் இயல்பான சுருங்குறித்தொடர்ப் பொறியில், சொல்லின் உறுப்பாக அமையும் குறி எனக் குறிக்கும் வகை, எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். தமிழின் புள்ளியும் துணைக்குறிகளும் ஒருங்குறியில் எழுத்து வகையைச் சேர்ந்தவை அல்ல; அவை இணைகுறி வகையைச் சேர்ந்தவை. இதனால் பிரம்மதேசம் என்னும் சொல் ப, ரம, மத, சம என நான்கு துண்டுகளாக உடைந்துவிடும். எழில் வில்லையாக்கி, தமிழுக்கு ஒருங்குறியில் ஒதுக்கப்பட்ட 128 இடங்களையும் குறிப்பெயருக்கு உரியனவாக ஏற்பதன்மூலம் இச்சிக்கலைத் தவிர்க்கின்றது.

சொல்லின் எல்லையைச் சோதிக்கும் குறியீட்டிலும் இதே நிலை ஏற்படுகின்றது. எல்லை என்பது, சொல்லுறுப்பான குறியும் சொல்லுறுப்பு அல்லாத குறியும் அடுத்தடுத்து வரும் இடம் ஆகும். முடி என்னும் சிறப்புச் சொல் இகரத் துணைக்குறியில் முடிகின்றது. அதற்குப் பின் வெற்றிடம் வந்தால் இரண்டும் சொல்லுறுப்பு அல்லாதவை. எனவே அங்கே எல்லை இல்லை என்று பொறி கருதும். முடிவு என்னும் குறிப்பெயரிலோ, துணைக்குறிக்கு அடுத்து வகரம் வருவதால் எல்லை உண்டு என்று கருதும். அதாவது விடை தலைகீழாகிவிடும்.

எல்லையே பார்க்காமல் விட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அப்போது வரைபடம் என்னும் குறிப்பெயரில் வரை என்பதும், செய்தி என்னும் குறிப்பெயரில் செய் என்பதும் சிறப்புச் சொற்களாக நிறம் பெறும். நிரல் சரியாக இயங்கும்; பட்டியல் மட்டும் படிப்பவரைத் தவறாக வழிநடத்தும். சிறப்புச் சொல்லுக்கு அடுத்துத் தமிழ்க் குறி எதுவும் வரக்கூடாது என்று வெளிப்படையாக விதிப்பதே இதற்குத் தீர்வு. மேலும் இல், இல்லை, இல்லைஆனால் போல ஒன்றின் தொடக்கமாக மற்றொன்று அமையும் சொற்களில், நீண்ட சொல்லை முதலில் சோதிக்க வேண்டும்.

ஒரே எழுத்து, இரு குறிமுறை

ஒகர உயிர்மெய்யை ஒருங்குறியில் இரு வகைகளில் எழுதலாம். ஒகரத் துணைக்குறி ஒரே குறியாக அமையலாம். அல்லது எகரத் துணைக்குறியும் ஆகாரத் துணைக்குறியும் அடுத்தடுத்து அமையலாம். இரண்டும் திரையில் ஒன்றாகவே தோன்றும். பின்கொடு என்னும் எழில் சிறப்புச் சொல் இரண்டாம் வகையில் தட்டச்சிடப்பட்டிருந்தால், குறிக்குக் குறி ஒப்பிடும் வில்லையாக்கி அதை அறிந்துகொள்ளாது. வண்ணமிடுவதற்கு முன் கோப்பு முழுவதையும் ஒருங்குறியின் சேர்ப்பு வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டால் இவ்வேறுபாடு நீங்கும்.

எழுத்துருவும் தோற்றமும்

தமிழை டெக்கில் அச்சமைக்கும் முயற்சிகள் 1990களின் தொடக்கத்திலேயே நடைபெற்றன. அக்காலத்தில் உரையை உரோமன் எழுத்தில் தட்டச்சிட்டு, முன்செயலி ஒன்றின் வழியாகத் தமிழ் வடிவங்களாக மாற்ற வேண்டியிருந்தது. நிரலை அவ்வாறு மாற்றினால் மூலத்துடன் ஒப்பிட வழியில்லை. 2004 இல் சோனதன் கியூ உருவாக்கிய சீடெக் பொறி ஒருங்குறி உரையையும் கணினியில் நிறுவிய எழுத்துருக்களையும் நேரடியாகப் பயன்படுத்தியதால், இந்நிலை மாறியது. 2020 முதல் லுவாலாடெக்கும் ஆர்ஃபுபசு வடிவமைப்புப் பொறியைக் கொண்டுள்ளது. தமிழ் நிரல்களை அச்சமைக்க இவ்விரண்டுள் ஒன்றைப் பயன்படுத்துவதே ஏற்றது. லோகித் தமிழ், நோட்டோ சான்சு தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் இதற்கு உதவும்.

ஆங்கில நிரல்கள் சம அகல எழுத்துருவில் அச்சிடப்படுவது வழக்கம். தமிழில் ர, ண, ணை ஆகியவற்றின் அகலங்கள் பெரிதும் வேறுபடுவதால், வரியின் இடையில் வெற்றிடங்களை இட்டு நேர்செய்த பத்திகள் அச்சில் கலைந்துவிடும். வரியின் தொடக்க இடைவெளி மட்டும் மாறாது. ஆகவே தமிழ் நிரல்களில் வரித் தொடக்க இடைவெளியை மட்டுமே கட்டமைப்புக்கு நம்புவது நல்லது.

தமிழ் எழுத்தில் தலைப்பெழுத்து வேறுபாடு இல்லை. பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமும் இல்லை. எனவே குறிப்புரையைச் சாய்வெழுத்தாலும் சிறப்புச் சொல்லைத் தடித்த எழுத்தாலும் காட்டும் பழைய மரபில், தமிழுக்குத் தடிப்பு வேறுபாடே எஞ்சுகின்றது. நிறம் இக்குறையை ஈடுசெய்யும். ஆயினும் மாணவர்களிடையே நூல்கள் கறுப்பு வெள்ளை ஒளிநகல்களாகவே பெரும்பாலும் பரவுகின்றன. நிறத்தால் மட்டும் வேறுபட்டவை நகலில் ஒன்றாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. சிறப்புச் சொல்லுக்கு நிறத்துடன் தடிப்பையும் சேர்ப்பதும், நிறங்களை ஒன்றுக்கொன்று வேறுபட்ட அடர்த்தியில் தேர்வதும் நன்று. பிக்மென்ட்ஸ் மென்பொருளில் கறுப்பு வெள்ளை அச்சுக்கென்றே ஒரு பாணியும் உள்ளது.

மின்னூலிலிருந்து படியெடுத்தல்

பிடிஎஃப் கோப்பிலுள்ள நிரலைப் படியெடுத்து இயக்கிப் பார்க்கப் படிப்பவர்கள் விரும்புவர். தே என்னும் எழுத்தில் ஏகாரத் துணைக்குறி ஒருங்குறியில் தகரத்துக்குப் பின்னும், அச்சில் அதற்கு முன்னும் வருகின்றது. பிடிஎஃப் கோப்பு வரைந்த வடிவங்களையே சேமிப்பதால், படியெடுத்த உரையில் இவ்வரிசை மாறிவிடக்கூடும். கண்ணுக்குச் சரியாகத் தோன்றிய சிறப்புச் சொல் அப்போது இயங்காது. மூல உரையையும் வடிவங்களுடன் சேர்த்துப் பொதியும் வசதி 2016 முதல் சீடெக் பொறியில் உள்ளது. மூலக் கோப்பையும் தனியே வழங்குவது இதனினும் உறுதியானது.

தமிழ்நாட்டில் பயன்பாடு

இந்தியாவில் டெக் பயனர்களின் குழு 1998 இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பன்னாட்டு டெக் பயனர் மாநாடு 2002 இலும் 2011 இலும் அந்நகரில் நடைபெற்றது. சென்னை, புதுச்சேரி ஆகிய நகரங்களில் வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்கும் நூல்களுக்கும் அச்சுக்கோக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள திண்டிவனம், விழுப்புரம் பகுதி மாணவர்களுக்கு இது அருகில் உள்ள ஒரு தொழில்துறை ஆகும்.

தமிழ்நாட்டின் மேல்நிலைக் கல்வியில், 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்வழி மாணவர்கள் தமிழ் விளக்கத்தையும் நிரலையும் ஒரே பக்கத்தில் படிக்கின்றனர். 2012 இல் தொடங்கப்பட்ட கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள், நிரலாக்கம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளையும் மின்னூல்களையும் வெளியிட்டு வருகின்றது. விழுப்புரம் குனு லினக்சு பயனர் குழு மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி அளிக்கின்றது. தமிழில் நிரலாக்கம் கற்பிக்கும் இத்தகைய முயற்சிகளுக்கு, தமிழ்க் குறிப்புரைகளும் தமிழ்க் குறிப்பெயர்களும் சிதையாத நிரற்பட்டியல் இன்றியமையாதது. அச்சில் சிதைந்த தமிழைக் காணும் மாணவர், தமிழில் நிரல் எழுதவே முடியாது எனத் தவறாக முடிவு செய்யக்கூடும். சிதைவு கருவியின் அமைப்பால் நேர்வதே அன்றி எழுத்தின் இயல்பால் நேர்வதன்று.

சரிபார்க்க வேண்டியவை

- மூலக் கோப்பு யூடிஎஃப்-8 குறிமுறையில், சேர்ப்பு வடிவத்தில் உள்ளதா எனப் பார்த்தல்.
- நிரலை இயக்கிப் பார்த்த பின்னரே பட்டியலாக மாற்றுதல்.
- நிரலை ஆவணத்தில் ஒட்டாமல், மூலக் கோப்பிலிருந்து நேரடியாகச் சேர்த்தல்.
- சீடெக் அல்லது லுவாலாடெக் பொறியையும் தமிழ் எழுத்துருவையும் தேர்தல்.
- சிறப்புச் சொல்லில் தொடங்கும் குறிப்பெயர்கள் சரியான நிறத்தில் உள்ளனவா என நோக்குதல்.
- ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்த்தல்.
- பிடிஎஃப் கோப்பிலிருந்து நிரலைப் படியெடுத்து, மூலத்துடன் ஒப்பிடுதல்.